கல்வி வழிகாட்டி முகாம் நடத்தும் தமிழ்ச் சங்கங்களுக்கு: ஹோமியோபதிக் கல்லூரி தேடிவரும் குடும்பங்களைப் பற்றி

எஸ்பிஎம், எஸ்டிபிஎம் பள்ளித் தேர்வு முடிவுகள் வெளியானதும் கோலாலம்பூரிலும் சுற்றுவட்டாரத்திலும் உயர்கல்வி வழிகாட்டி முகாம்களை நடத்திவரும் தமிழ்ச் சங்கங்கள், ஆலயக் கல்விக் குழுக்கள், முன்னாள் மாணவர் மன்றங்கள் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

உங்கள் முகாம்களில் ஹோமியோபதி படிக்க விரும்பி வருபவர்கள் இரு வகையினர். இங்கேயே பிறந்து வளர்ந்து, தமிழ்நாட்டுக்கோ கேரளத்துக்கோ சென்று படிக்க நினைக்கும் மலேசியப் பிள்ளைகள் ஒரு வகை. பெற்றோரின் வேலை காரணமாக இந்தியாவிலிருந்து இங்கு குடிவந்து, இந்த நாட்டில் படிப்பைத் தொடங்கவோ தொடரவோ எண்ணுபவர்கள் மற்றொரு வகை. இரு தரப்பினரும் கேட்பது ஒரே கேள்விதான்: எந்தக் கல்லூரி நல்ல கல்லூரி? அதற்கு விடை சொல்வதற்கு முன்பு, படித்து முடித்தபின் எந்த நாட்டில் தொழில் செய்யப் போகிறீர்கள் என்று அவர்களைத் திருப்பிக் கேட்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். அந்த ஒன்று தெளிவாகாமல் கட்டணத்தையும் விடுதி வசதியையும் ஒப்பிட்டுப் பேசுவதால் அவர்களுக்கு எந்தப் பயனும் இல்லை.

மருத்துவம் சார்ந்த எந்தப் பட்டமும் தொழில் செய்யும் நாட்டின் சட்டத்துக்கு உட்பட்டதே. ஹோமியோபதியில் அந்தச் சட்டங்கள் நாட்டுக்கு நாடு பெரிதும் வேறுபடுகின்றன. மலேசியாவில் 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய மற்றும் நிரப்பு மருத்துவச் சட்டம், அதாவது சட்டம் 775, ஹோமியோபதியை அங்கீகரிக்கப்பட்ட துறைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. அதன்கீழ் அமைந்த மன்றத்தில் பதிவு பெற்றவரே இங்கு தொழில் செய்யலாம். இந்தியாவில் 1973ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2020ஆம் ஆண்டின் தேசிய ஹோமியோபதி ஆணையச் சட்டம் நடைமுறையில் உள்ளது, பி.எச்.எம்.எஸ். எனப்படும் ஹோமியோபதி இளங்கலைப் பட்டத்துக்கு நான்கரை ஆண்டு வகுப்பும் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியும் சேர்ந்து ஐந்தரை ஆண்டு ஆகும். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் ஹோமியோபதிக்கென்றே தனிச் சட்டம் உண்டு. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் சட்டப்படியான பதிவு முறையே கிடையாது. அங்கு இருப்பவை தன்னார்வச் சங்கங்கள்தாம். இந்தியாவில் ஐந்தரை ஆண்டு உழைத்துப் பெற்ற பட்டத்துக்குக் கடல் கடந்தால் அதே மதிப்பு கிடைக்கும் என்று யாரும் உறுதி கூற முடியாது. இங்கிருந்து பட்டத்தோடு இந்தியா திரும்ப எண்ணும் குடும்பங்களுக்கும் இதே நிலைதான்.

சென்ற ஆண்டு ஒரு முகாமில் நான் தன்னார்வலராக அமர்ந்திருந்த மேசைக்கு, கோயம்புத்தூரிலிருந்து வேலை மாற்றலில் இங்கு வந்த தந்தை ஒருவர் தம் மகளுடன் வந்தார். அந்தப் பெண் அங்கே பி.எச்.எம்.எஸ். இரண்டாம் ஆண்டை முடித்திருந்தாள். உடற்கூறியல், உடலியங்கியல், ஹோமியோபதி மருந்தியல், ஆர்கனான் எனப்படும் ஹோமியோபதிக் கோட்பாடு, மெட்டீரியா மெடிகா எனப்படும் மருந்துக் குணவியல் என்று பாடவாரியாக மதிப்பெண் பட்டியல்களைப் பிளாஸ்டிக் கோப்பில் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தாள். மூன்றாம் ஆண்டில் இங்கேயே நேராகச் சேர்ந்துவிடலாம் என்று ஓர் ஏஜெண்ட் வாய்மொழியாகச் சொல்லியிருந்ததை நம்பி, அவர்கள் அங்குள்ள கல்லூரியிலிருந்து மாற்றுச் சான்றிதழையும் வாங்கிவிட்டார்கள். பாடத்திட்ட விவரமோ, ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை மணி நேரம் வகுப்பு நடந்தது என்ற சான்றோ அவர்களிடம் இல்லை. அவற்றைப் பார்க்காமல் எந்தப் பல்கலைக்கழகமும் பாட விலக்கைப் பற்றி, அதாவது ஏற்கெனவே படித்த பாடங்களை மீண்டும் படிக்காமல் விடுவதைப் பற்றி, முடிவு சொல்லாது. “அங்கிள், அப்படியென்றால் நான் முதலிலிருந்து படிக்க வேண்டுமா?” என்று அந்தப் பெண் கேட்டபோது அவளுக்குச் சொல்ல என்னிடம் நல்ல விடை இல்லை. அந்த ஏஜெண்டுக்கும் முகாமில் மேசை கொடுத்தவர்கள் நம்மவர்களே என்பதை வருத்தத்துடன் குறிப்பிடுகிறேன்.

மலேசியாவில் படிக்க விரும்புபவர் முதலில் பார்க்க வேண்டியது எம்.கியூ.ஏ. எனப்படும் தகுதி முகமையின் பதிவேட்டை. அது இணையத்தில் எவரும் பார்க்கும்படி உள்ளது. சைபர்ஜெயா பல்கலைக்கழகத்தின் ஹோமியோபதி இளங்கலைப் பட்டம் போன்ற ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, பட்டத்தின் பெயரைத் தட்டிப் பார்த்து, அது தற்காலிக அங்கீகாரமா முழு அங்கீகாரமா என்பதையும் கவனிக்க வேண்டும். மலேசியக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு மாணவர் அனுமதி குறிப்பிட்ட கல்வி நிலையத்தையும் படிப்பையும் ஒட்டியே கிடைக்கும் என்பதால், சேர்ந்தபின் மனம் மாறினால் வேலை இரட்டிப்பாகும். படிப்பு முடிந்ததும் இங்கு தொழில் செய்வதற்கான வேலை அனுமதி அதிலிருந்து முற்றிலும் வேறான விஷயம்.

இந்தியாவுக்குச் செல்பவர்கள், தாம் சேரும் கல்வியாண்டுக்குத் தேசிய ஹோமியோபதி ஆணையம் அந்தக் கல்லூரிக்கு அனுமதி வழங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சென்ற ஆண்டின் அனுமதியைக் காட்டி இந்த ஆண்டுக்கு ஆள் சேர்ப்பதை ஏற்கக் கூடாது. அஞ்சல் வழியிலும் இணைய வழியிலும் நடக்கும் டிப்ளமோக்களைப் பி.எச்.எம்.எஸ். பட்டத்துக்கு ஈடாகக் காட்டும் துண்டறிக்கைகளை உங்கள் மண்டப வாசலிலேயே தடுத்துவிடுங்கள். கல்லூரியை நேரில் பார்க்க வாய்ப்புள்ளவர்கள் முதல்வர் அறையை விட, காலை பத்து மணிக்குப் புறநோயாளர் பிரிவைப் பார்ப்பது மேல். எத்தனை நோயாளிகள் காத்திருக்கிறார்கள், மாணவர்கள் அவர்களிடம் உட்கார்ந்து நோய் வரலாறு கேட்டு எழுதுகிறார்களா, வார்டில் படுக்கைகளில் ஆள் இருக்கிறார்களா என்பவற்றிலிருந்து கல்லூரியின் தரம் நன்கு தெரியும். மதுரை திருமங்கலத்தில் உள்ள அரசு ஹோமியோபதி மருத்துவக் கல்லூரியானாலும், தனியார் கல்லூரியானாலும் அளவுகோல் இதுதான்.

சற்றுக் கசப்பான இன்னொன்றையும் முகாமில் மறைக்காமல் சொல்ல வேண்டும். பி.எச்.எம்.எஸ். முடித்தவர் மலேசிய மருத்துவ மன்றத்தில் மருத்துவராகப் பதிய முடியாது, எம்.பி.பி.எஸ். இடம் கிடைக்காதவர்களுக்கு இது ஒரு பின்வாசல் என்று சொல்வது பொய். ஹோமியோபதியின் பயனைப் பற்றிய அறிவியல் விவாதமும் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எந்த நோய்க்கும் அது பயனளிக்கிறது என்பதற்கு நம்பகமான சான்று இல்லை என்று ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆய்வு மன்றம் 2015இல் முடிவு சொன்னது. பிரான்ஸ் 2021 முதல் ஹோமியோபதி மருந்துச் செலவை அரசுக் காப்பீட்டில் ஈடுசெய்வதை நிறுத்தியது. இவற்றை அறிந்தபின்னும் ஒரு மாணவர் இத்துறையைத் தேர்ந்தெடுத்தால் அது அவருடைய முடிவு; அறியாமல் தேர்ந்தெடுத்தால் அதில் நமக்கும் பொறுப்புண்டு.

ஆகவே, அடுத்த முகாமுக்கு முன்பாக மூன்று காரியங்களைச் செய்ய வேண்டுகிறேன். வெளிநாட்டுக் கல்லூரிகளின் பட்டங்களில் எவற்றைக் கொண்டு இங்கு பதிவு பெறலாம் என்று சட்டம் 775இன் கீழுள்ள மன்றத்துக்குச் சங்கத்தின் பெயரில் எழுதிக் கேட்டு, வரும் பதிலை எளிய தமிழில் அச்சிட்டு வாசலில் கொடுங்கள். பாட விலக்கு, பதிவு, வேலை ஆகியவற்றைப் பற்றிச் சொல்வதை எழுத்தில் தர மறுக்கும் ஏஜெண்டுகளுக்கு மேசை ஒதுக்காதீர்கள். இங்கு பதிவு பெற்றுத் தொழில் செய்யும் ஹோமியோபதியர் ஒருவரையாவது அழைத்துப் பிள்ளைகளின் கேள்விகளுக்கு விடை சொல்லச் செய்யுங்கள். மன்றத்துக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தின் வரைவை மலாயிலும் தமிழிலும் எழுதித் தர நான் அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் முகாம்களில் தொண்டாற்றும் ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கோலாலம்பூர்