உங்கள் ரவுட்டரில் நாங்கள் போடும் எண்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வைஃபை சரிபார்க்க வீட்டுக்கு வரும்போது ரவுட்டருக்குள் 8.8.8.8 என்று ஓர் எண்ணைப் போட்டுவிட்டுப் போகிறோம். போன வாரம் தோட்டத்து அண்ணன் ஒருவர், "இது தப்பில்லையா தம்பி?" என்று கேட்டார். முன்பே நாங்கள் விளக்கியிருக்க வேண்டும். அதனால்தான் இந்த மடல்.

தப்பில்லை. நீங்கள் ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால் அதன் எண் முகவரியை யாராவது தேடிக் கொடுக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது டிஎன்எஸ். நீங்கள் மாதாமாதம் பில் கட்டும் இணைய நிறுவனத்துக்கும் ஒன்று உண்டு, கூகுளுடையது 8.8.8.8. ஒரு தளத்தை மூடச் சொல்லி உத்தரவு வந்தால், பெரும்பாலும் அந்த இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸில்தான் கை வைப்பார்கள். தளம் அங்கேயேதான் இருக்கும், முகவரி கேட்டால் தப்பான பதில் வரும். அதனால்தான் வேறு டிஎன்எஸ்ஸான 8.8.8.8ஐப் போடுகிறோம்.

1எம்டிபி என்ற மலேசிய அரசாங்க முதலீட்டு நிறுவனத்தின் பணம் எங்கே போனது என்று எழுதிய சரவாக் ரிப்போர்ட் செய்தித்தளத்தை 2015 ஜூலையில் தடுத்தார்கள். ஆட்சி மாறி, 2018 மே மாதம்தான் திறந்தார்கள். நம் நாட்டுப் பணம் போன கதையை நாமே படிக்க முடியாமல் கிடந்தோம்.

2024 செப்டம்பரில் இன்னும் ஒரு படி போனார்கள். 8.8.8.8 போன்ற வெளி டிஎன்எஸ்ஸைக் கேட்டாலும், அதை வழியிலேயே மறித்துத் தங்கள் டிஎன்எஸ்ஸுக்குத் திருப்பிவிட வேண்டும் என்று மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் இணைய நிறுவனங்களுக்கு 30ஆம் தேதி கெடு வைத்தது. சூதாட்டம், ஆபாசம், மோசடியைத் தடுக்கத்தான் என்றார்கள். மக்கள் விடவில்லை. 8ஆம் தேதியே தொடர்புத் துறை அமைச்சர் ஃபாமி ஃபட்சில் அதை நிறுத்தச் சொன்னார். மோசடியில் சேமிப்பை இழந்து எங்கள் கடையில் உட்கார்ந்து அழுதவர்கள் உண்டு. அந்தக் கவலை பொய்யில்லை. ஆனால் அதே தடைப் பட்டியலில் நாளை எந்தச் செய்தித்தளம் சேரும்? கேட்டில் ஜாகாவை, அதாவது காவல்காரரை நிறுத்தி, தொழிற்சங்கக்காரர்களைத் தோட்டத்துக்குள் விடாத காலத்தைப் பார்த்தவர்கள் நம் தாத்தா பாட்டிகள்.

அதே ஆண்டு ஜூலை 18இல், மாணவர் போராட்டத்தின் நடுவில், பங்களாதேஷ் அரசாங்கம் இணையத்தையே அணைத்தது. மறுநாள் சாயங்காலம், அந்த நாட்டிலிருந்து வந்து இங்கே செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் தம்பி ஒருவர் போன் கெட்டுவிட்டது என்று கொண்டுவந்தார். பத்து வெள்ளிக்கு டாப் அப் போட்டார், அப்புறம் இன்னொரு பத்து. ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பிய வாட்சாப் எல்லாம் ஒற்றைச் சாம்பல் டிக்கோடு வரிசையாக நின்றன. சிம்மைக் கழற்றிப் போட்டோம், போனை அணைத்துத் திறந்தோம். பழுது பார்க்க அதில் ஒன்றுமே இல்லை. அங்கே மொபைல் டேட்டா 28ஆம் தேதிதான் திரும்பியது. அதுவரை தினமும் வேலை முடிந்து, சேற்றுக் காலணியோடு வந்து எங்கள் கவுண்டரில் நிற்பார்.

சரி, உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருவோம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் 1.1.1.3 போடலாம். கிளவுட்ஃபிளேர் நிறுவனத்துடையது, இலவசம், ஆபாசத் தளங்களையும் வைரஸ் பரப்பும் தளங்களையும் தடுக்கும். அது பெற்றோர் எடுக்கும் முடிவு. எந்த எண்ணைப் போட்டாலும், யாருக்கும் வங்கியின் டேக் எண்ணை, அதாவது பணம் அனுப்பும்போது வங்கி தரும் ரகசிய எண்ணைச் சொல்லிவிடாதீர்கள். அதை எந்த டிஎன்எஸ்ஸும் காப்பாற்றாது.

இனி உங்களைக் கேட்டுவிட்டுத்தான் மாற்றுவோம். நிறுவனத்துடையதே போதும் என்றால் அப்படியே விட்டுவிடுவோம். ஏற்கெனவே மாற்றியதைத் திரும்ப மாற்ற வேண்டுமா, கடையில் சொல்லிவிட்டுப் போங்கள். வீட்டுக்கே வந்து மாற்றித் தருகிறோம், காசு வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் கைப்பேசி, கணினிக் கடை
சுங்கை சிப்புட்