முகம் எங்கே என்று கேட்ட அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

இதை உங்களுக்குப் படித்துக் காட்டப்போவது உங்கள் சின்ன மகள். மெதுவாகப் படி என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். நேரில் சொல்லாமல் ஏன் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். ஏலம் முடிந்து, கூடையைத் தூக்கிக்கொண்டு நீங்கள் பஸ்ஸுக்கு ஓடுகிற நேரத்தில்தான் நாம் எப்போதும் பார்த்துக்கொள்கிறோம். பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்கிவிடுகிறேன். எத்தனையோ வருஷம் இப்படியே போய்விட்டது. கேமரா தூக்கிக்கொண்டு விடியற்காலையில் கடற்கரைக்கு வருகிற பிள்ளைகள் நாலு பேர் படித்தாலும் நல்லதுதான் என்று பொதுவிலேயே வைக்கிறேன். உங்கள் பெயரை எங்கேயும் எழுதவில்லை.

2008இல் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ. அப்போது மீன்பிடித் தடைக்காலம் 45 நாள்தான், இப்போதுபோல 61 நாள் இல்லை. ஜூன் மாசம் பிறந்து, விசைப்படகுகள் போய்வரத் தொடங்கி, கடலூர் துறைமுகத்தில் கால் வைக்க இடமில்லை. நான் ஒரு பெரிய பிரிண்டைக் கவரில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உங்களைத் தேடி வந்தேன். 12க்கு 18 அங்குலம். முந்தின வருஷம் எடுத்த படம். முகத்துவாரத்துக்கு மேலே சூரியன் எழும்புகிறது, வானம் முழுக்க ஆரஞ்சு, நடுவில் தலையில் அன்னக்கூடையோடு நீங்கள். ஒரு கை கூடையைப் பிடித்திருக்கும், இன்னொரு கை இடுப்பில். உருவம் மொத்தமும் கன்னங்கரேல் என்று இருக்கும். புதுச்சேரியில் ஒரு கண்காட்சியில் அதை மாட்டியிருந்தோம். வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நீங்கள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினீர்கள். புறங்கையில் இருந்த செதில் ஒன்று பிரிண்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நேரம் பார்த்தீர்கள்.

“கூடை என்னுதுதான் தம்பி. இந்த நெளிசல் நல்லாத் தெரியுது. என் மொகம் எங்க?”

“நிழலுருவம்க்கா. அது அப்படித்தான் வரும்.”

“சரி” என்றீர்கள். அப்புறம் கவரிலேயே போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஐஸ் வாங்கப் போய்விட்டீர்கள். அந்தச் செதில் காய்ந்து கண்ணாடிச் சில்லு மாதிரி இன்னும் அந்தப் பிரிண்டில் இருக்கிறது.

அன்றைக்குச் சாயங்காலம் என் சிநேகிதனிடம், “இவங்களுக்கெல்லாம் படம் பார்க்கத் தெரியல” என்று சொன்னேன். அப்படிச் சொன்னதற்கு இப்போது உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். முகத்தின் அருமையை வேறு யார் மறந்தாலும் நான் மறந்திருக்கக் கூடாது, அக்கா. நான் தொழில் கற்ற இடம் அப்படி.

1994இல் திருப்பாதிரிப்புலியூரில், சன்னதித் தெருவை ஒட்டிய சந்தில் இருந்த ஒரு ஸ்டூடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தேன். முதலாளியிடம் இருந்தது பெட்டி கேமரா. 120 என்கிற ஃபிலிம் ரோல் போட்டால் 12 படம், அவ்வளவுதான். ஒரு படம் வீணானால் அன்றைக்கு முழுக்கப் பேசமாட்டார். வந்தவர்களை ஸ்டூலில் உட்கார வைத்து, இரண்டு விரலால் தாடையை ஒரு நெல்லளவு உயர்த்துவார். விளக்கை நகர்த்தி நகர்த்தி, மூக்கு நிழல் உதட்டைத் தொடாத இடத்தில் நிறுத்துவார். “கண்ணுல ஒரு பொட்டு வெளிச்சம் விழுந்துச்சான்னு பாரு. விழலன்னா படம் செத்துப்போச்சு” என்பார். ராத்திரியில் சிவப்பு பல்பு வெளிச்சத்தில் பிரிண்ட் போடும்போது, வெள்ளைத் தாள் மருந்துத் தட்டில் கிடக்கும். முதலில் புருவம் வரும், அப்புறம் கண், அப்புறம்தான் மற்றதெல்லாம். ஊசி மாதிரி சீவிய பென்சிலால் நெகட்டிவில் முகத்தழும்புகளை அவர் டச்சப் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மூச்சுக்கூட விடமாட்டார்.

இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவன், 2006இல் கையில் டிஜிட்டல் கேமராவும் நீளமான ஜூம் லென்ஸும் வந்ததும் தலைகீழாக மாறிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் விடிவதற்குள் புதுச்சேரி. அங்கே வெள்ளைக்காரத் தெருக்களின் மஞ்சள் சுவருக்கு எதிரில் மணிக்கணக்காக நிற்பேன். சிவப்புச் சேலை கட்டிய அம்மா யாராவது அந்தச் சுவரைக் கடந்து போகவேண்டும், அதுதான் எதிர்பார்ப்பு. அவர் யார், எங்கே போகிறார் என்பதெல்லாம் எனக்குத் தேவைப்படவில்லை. சுவருக்கு ஏற்ற நிறம் கிடைத்தால் போதும். கடலூருக்கு வந்தால் தூரத்திலிருந்தே ஜூம் போட்டு எடுத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. உங்களை எடுத்ததும் அப்படித்தான். 200 அடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன்.

நம் கரையில் கறுப்பு உருவம் எடுப்பது சுலபம். சூரியன் கடலிலிருந்து எழுகிறது, படம் எடுப்பவன் கரையில் நிற்கிறான். எதை எடுத்தாலும் வெளிச்சம் அதன் முதுகில்தான் விழும். எங்களுக்கு அது கவிதை மாதிரி தெரிந்தது. உண்மையில் அது நாங்கள் நின்ற இடத்தால் வந்தது. காலை ஆறு மணிக்குக் கரையில் நிற்கிற ஒவ்வொருவரின் முகத்திலும் ஸ்டூடியோ விளக்கு மாதிரி இதமான வெளிச்சம் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் கடலுக்குள் இறங்கித் திரும்பி நிற்கவேண்டும். இந்தச் சின்ன விஷயம் எனக்குப் புரிய, நீங்கள் படத்தைத் திருப்பிக் கொடுத்து ஒரு வருஷம் ஆனது.

முதலில் தேவனாம்பட்டினத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று பார்த்தேன். மூன்றாம் நாளே ஒரு அலை கேமராவை வாங்கிக்கொண்டது. உப்புத்தண்ணீர் உள்ளே போனால் பிழைக்காது. லேபில் கையை விரித்துவிட்டார்கள். ஆறு மாசம் கல்யாண வேலை பார்த்து இன்னொன்று வாங்கினேன். அப்புறம்தான் உங்கள் கொழுந்தன் ஃபைபர் படகில் இடம் கொடுத்தார். கரையிலிருந்து கொஞ்சம் தள்ளிப் படகை நிறுத்தச் சொல்லித் திரும்பிப் பார்த்தேன். வலை இழுக்கிறவர்கள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு படகுக்குக் காத்திருப்பவர்கள், டீ கிளாஸோடு நிற்கிற பெரியவர், எல்லார் முகமும் பளிச்சென்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. எல்லார் கண்ணிலும் முதலாளி சொன்ன அந்தப் பொட்டு. ஏழு மணிக்கு மேல் கண்ணைச் சுருக்க ஆரம்பித்துவிடுவார்கள், அதற்குள் எடுத்தால் உண்டு. சாயங்காலம் வெயில் ஊர்ப்பக்கமிருந்து சாயும்போது கணக்கு மாறும், அப்போது கரையில் நின்றே எடுக்கலாம்.

ஜூமை விற்றுவிட்டு 35 எம்எம் லென்ஸ் வாங்கினேன். அதில் முகம் வேண்டுமென்றால் நாலடி தூரத்துக்குப் போகவேண்டும். அவ்வளவு பக்கத்தில் போய்ப் பேசாமல் எடுக்க முடியாது. “எந்த ஊரு, யாரு பையன்” என்று நீங்கள் எல்லாரும் கேட்டபிறகுதான் கேமராவையே வெளியே எடுக்க முடிந்தது. ஒரு காலையில் 300 படம் எடுத்தவன், ஆறேழு படத்தோடு வீட்டுக்குப் போனேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கேமரா தான் பார்க்கிற எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கத்தான் பார்க்கும். வெயிலில் மின்னுகிற மணலை வைத்து வெளிச்சத்தை அளந்தால், நம் ஆட்களின் முகம் இருண்டுபோகும். கறுத்த முகத்தை மட்டும் அளந்தால், அதை வெளுக்க வைத்துவிடும். கலர் ஃபிலிம் காலத்தில் லேப்களில் நிறம் சரிபார்க்க கோடாக் கம்பெனி ஒரு கார்டு கொடுத்து வந்தது. ஷெர்லி கார்டு என்று பெயர். அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. பல நிறப் பெண்களும் இருக்கிற கார்டு வந்ததே 1990களில்தான். நம் முகத்துக்கு அளவு நாமேதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கறுத்த முகத்தை அளந்து கேமரா சொல்கிற வெளிச்சத்தைவிட நான் ஒரு பங்கு குறைத்து வைப்பேன். அப்போதுதான் உப்புக்காற்றும் வெயிலும் பட்ட கறுப்பில் இருக்கிற அந்தச் செம்பு மினுக்கம் வரும். கல்யாண ஆல்பத்தில் பெண்ணை வெளுக்க வைத்துக் கொடுக்கச் சொன்னால் மாட்டேன் என்றுவிடுகிறேன். அதில் சில வேலைகள் கைவிட்டுப் போயின. போகட்டும்.

நீங்கள் ஏன் அப்படிக் கேட்டீர்கள் என்பது எனக்கு 2010இல்தான் தெரிந்தது. ஐஸ் கம்பெனி நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே சொன்னீர்கள். 2004 டிசம்பர் 26 காலையில் தண்ணீர் வந்தபோது பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினீர்கள். டிரங்குப் பெட்டியை யார் நினைத்தது? அதற்குள்தான் உங்கள் அம்மாவின் ஒரே படம் இருந்தது. “மொதல்ல கண்ண மூடினா அம்மா மொகம் வரும் தம்பி. இப்ப மூக்குத்தி மட்டும்தான் வருது.” வேறு எதுவும் நீங்கள் சொல்லவில்லை. நானும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து அந்த ஆரஞ்சு வானப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி வைத்தேன்.

அதற்குப் பிறகு புதுச்சேரிக்குப் போனாலும் என் கண் சுவர்களில் நிற்கவில்லை. அங்கே பிரெஞ்சு இன்ஸ்டிடியூட்டில் தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடிச் சேர்த்து, ஸ்கேன் எடுத்துப் பாதுகாக்கிற வேலை நடந்தது. லண்டனில் இருக்கிற பிரிட்டிஷ் லைப்ரரி அதற்கு உதவியது. அந்தப் படங்களைப் பார்த்தபோது மூக்கடைத்துக்கொண்டது எனக்கு. வரைந்த ஸ்கிரீனுக்கு முன்னால், முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு, நேராக நம்மைப் பார்க்கிற முகங்கள். எடுத்தவர் பெயர் பல படங்களில் இல்லை. உலகமே கொண்டாடுகிற பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-பிரெஸ்ஸோன் 1950 ஏப்ரலில் அதே ஊருக்கு வந்து அரவிந்தரைப் படம் எடுத்தார். அதே வருஷம் டிசம்பர் 5ஆம் தேதி அரவிந்தர் மறைந்துவிட்டார். பாண்டியில் எத்தனை வீட்டுச் சுவரில் அந்த முகம் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். நம் சன்னதித் தெருச் சந்து முதலாளி செய்ததும் அதே வேலைதான் என்று நான் மனசார நம்புகிறேன்.

சரி, இத்தனை எழுதியதற்குக் காரணத்துக்கு வருகிறேன். உங்கள் அம்மா படத்தைப் பற்றிப் பேசும்போது, பின்னால் தாஜ்மகால் வரைந்த ஸ்கிரீன் இருக்கும் என்று ஒருமுறை சொன்னீர்கள். அன்றே எனக்குத் திக்கென்றது. எங்கள் ஸ்டூடியோவில் அந்த ஸ்கிரீன் இருந்தது. அதன் இடது ஓரத்தில் எலி கடித்த ஓட்டையைத் தைத்தவனே நான்தான். ஆனால் முதலாளி அதற்குள் காலமாகிவிட்டார், கடையும் ஜெராக்ஸ் கடையாகிவிட்டது. பழைய கறுப்பு வெள்ளை நெகட்டிவில் வெள்ளி இருக்கிறது இல்லையா, அதை எடுப்பதற்காகப் பாதிக்கு மேல் எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். மீதியும் போயிருக்கும் என்று விட்டுவிட்டேன். உங்களிடம் சொல்லி ஆசை காட்டவும் மனசு வரவில்லை.

போன மாசம் முதலாளி மகன் கூப்பிட்டார். வீட்டைப் புதுப்பிக்கும்போது பரணில் இரண்டு பிஸ்கட் டின் கிடைத்ததாம். 2015 வெள்ளத்தில் கூரை ஒழுகி உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. உறைகளில் எழுதியிருந்த பெயரெல்லாம் கரைந்து நீலக் கறையாக இருக்கிறது. நெகட்டிவ்கள் ஒன்றோடொன்று அப்பளக் கட்டு மாதிரி ஒட்டிக்கிடக்கின்றன. குளிர்ந்த நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, ஓரம் தானாக விடுகிறவரை காத்திருந்து பிரிக்கிறேன். அவசரப்பட்டால் முகம் தோலோடு உரிந்து வந்துவிடும். அப்படி நாலைந்து பேர் என் கையாலேயே போய்விட்டார்கள். ராத்திரி தூக்கம் வரவில்லை. ஒரு நாளைக்கு ஐந்தாறுதான் முடிகிறது. துணி காயப்போடுகிற கொடியில் கிளிப் போட்டு மாட்டியிருக்கிறேன். வீட்டில் ஃபேன் போடக்கூட விடுவதில்லை.

இதுவரை தாஜ்மகால் ஸ்கிரீனோடு 31 படம் வந்திருக்கிறது. அதில் மூக்குத்தி போட்ட பெண்கள் ஒன்பது பேர். நெகட்டிவ் என்பதால் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் இருக்கும், உங்களுக்கு ஒன்றும் பிடிபடாது. ஒன்பதையும் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வருகிறேன். துறைமுகத்தில் வேண்டாம். அவர்களில் உங்கள் அம்மா இல்லாமலும் போகலாம், அக்கா. இன்னும் ஒரு டின் பிரிக்காமல் இருக்கிறது.

அதற்கு முன்னால் ஒன்று மட்டும் மகளிடம் சொல்லி அனுப்புங்கள். உங்கள் அம்மா மூக்குத்தி போட்டிருந்தது வலப்பக்கமா, இடப்பக்கமா? நெகட்டிவைப் புரட்டி வைத்துவிட்டால் பக்கம் மாறிப்போகும்.

அன்புடன்,
உங்கள் தம்பி