தாவ் சிங்ஜியின் அம்மாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அம்மா,

சீனக் கல்வியாளரான உங்கள் மகனைப் பற்றி எங்கே வாசித்தாலும் முதலில் வருவது அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகமும் அங்கிருந்த கல்வித் தத்துவ அறிஞர் ஜான் டூயியும்தான். சரி, அதுவும் உண்மைதான், அங்கே படித்து 1917-இல் திரும்பி நான்ஜிங்கில் பேராசிரியர் ஆனவர் அவர். ஆனால் அவருடைய ஆகப்பெரிய யோசனைக்கு உங்கள் வீடுதான் பிறந்த இடம் என்று எனக்குத் தோன்றுகிறது, அதை உங்களிடமே சொல்லிவிடத்தான் இதை எழுதுகிறேன்.

1923-இல் அவர் எழுத்தறியாதவர்களுக்கான ஆயிரம் எழுத்துப் பாடநூலோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். உங்களுக்கு அப்போது 57 வயது. முதல் புத்தகத்தை முடித்திருந்த 6 வயதுப் பேரன்தான் உங்களுக்கு வாத்தியார். 16 நாள் ஆனதும், வடக்கே ஜாங்ஜியாகோ நகரில் இருந்த மகன், அதுவரை நீங்கள் படித்திருந்த பாடங்களில் வந்த எழுத்துகளை வைத்தே உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். நீங்கள் அதைப் படித்துவிட்டீர்கள்!

பேரன் கெட்டிக்காரன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவன் முன்னால் புத்தகத்தை விரித்து உட்கார்ந்தீர்களே, அதற்கு எவ்வளவு மனசு வேண்டும். மகன் படித்த மிஷன் பள்ளியிலேயே வேலைக்காரியாக இருந்தவர் நீங்கள். கணவர், மகன், பேரன்கள் என மூன்று தலைமுறைக்கும் ஒரே சவரக்கத்தியால் நீங்களே தலை மழித்தீர்கள், அதில் மிச்சமான காசு இரண்டு காவடிச் சுமை எண்ணெய்க்குச் சமம் என்று அவர் பின்னால் கவிதையே எழுதினார்.

அவர் பட்ட பாடும் உங்களுக்குத் தெரியும். 1927-இல் நான்ஜிங்குக்கு வெளியே சியாவ்ஜுவாங்கில், ஆசிரியராகப் போகிறவர்களை உழவும் சமைக்கவும் வைத்து ஒரு பள்ளி தொடங்கினார். 1930-இல் அப்போது சீனாவை ஆண்ட சியாங் கை-ஷேக் அரசு அதை மூடிவிட்டது, அவர் ஜப்பானுக்குத் தப்பிப் போக வேண்டியதாயிற்று.

அப்புறம் நடந்ததைத்தான் நீங்கள் பார்க்கவில்லை. 1933-இல் நீங்கள் போய்விட்டீர்கள், அடுத்த ஆண்டே ஷாங்காய் பக்கத்தில் 'சின்ன வாத்தியார்' இயக்கத்தைத் தொடங்கினார். பிள்ளைகள் தாங்கள் கற்றதை உடனே அம்மாவுக்கும் பாட்டிக்கும், பள்ளிக்கே வராத பக்கத்து வீட்டுப் பையனுக்கும் சொல்லித்தர வேண்டும். ஊருக்கு ஊர் ஆசிரியர் போட நாட்டிடம் பணமில்லை. பணம் இருந்து ஆசிரியர் போட்டாலும், வெளி ஆள் ஒருவர் வந்து பாடம் நடத்தினால் வீட்டுப் பெண்கள் முன்னால் வந்து உட்காரத் தயங்குவார்கள், சொந்தப் பிள்ளை என்றால் அடுப்பங்கரைவரை போய்ச் சொல்லித்தரும். உங்கள் வீட்டில் பத்து வருடம் முன்பே நடந்தது இதுதானே?

1946-இல், 54 வயதிலேயே அவரும் போய்விட்டார். அவரைப் பற்றி யார் எழுதினாலும் டூயிக்குக் கொடுக்கும் இடத்தில் பாதியையாவது உங்களுக்கும் அந்தப் பேரனுக்கும் கொடுக்க வேண்டும், அம்மா.

அன்புடன்,
உங்கள் மகனின் வாசகர் ஒருவர்