கிளையில் தொங்கும் தேனீக்களுக்குத் தீப்பந்தம் வேண்டாம்

சேர்வராயன் மலைக் காபித் தோட்ட உரிமையாளர்களுக்கு வணக்கம்.

நாகலூர்ப் பக்கம் ஆறு தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறேன். ‘வளர்க்கிறேன்’ என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. எறும்பு ஏறாமல் பெட்டிக் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைப்பதோடு என் வேலை முடிந்துவிடுகிறது. கூட்டம் பிரியாமல் தடுக்க, புது ராணி வளரும் அறைகளைக் கிள்ளி எறிவதில்லை. பிரிய நினைக்கும் கூட்டம் பிரியட்டும்.

போன பங்குனியில், மழை விழுந்து காபி பூத்த வாரம், அப்படிப் பிரிந்த ஒரு கூட்டம் பக்கத்துத் தோட்டத்துப் பலாக் கிளையில் போய்த் தொங்கியது. நான் ஓடிச் சேர்வதற்குள் பந்தம் கொளுத்திவிட்டார்கள். வேலையாட்களைக் கொட்டிவிடுமே என்ற பயமாம்.

பயம் பொய்யல்ல. பாறையிலும் உயர்ந்த மரத்திலும் ஒற்றை அடை கட்டும் மலைத்தேனீ கொட்டி உயிர் போனவர்கள் உண்டு. ஆனால் அது உருவத்தில் பெரியது. இது பொந்துக்குள் அடுக்கடுக்காக அடை கட்டும் சிறிய இந்தியத் தேனீ. புது ராணிக்கான அறை மூடப்பட்டதும், பழைய ராணி பணித்தேனீக்களில் ஒரு பங்கைக் கூட்டிக்கொண்டு வீட்டை மகளுக்கு விட்டுக் கிளம்பும். வயிறு நிறையத் தேன், காக்க அடையுமில்லை, குஞ்சுமில்லை. சீண்டாதவரை அந்தக் கொத்து கொட்டுவது அரிது. வேவு பார்க்கும் தேனீக்கள் பொந்து தேடிப் போய்வந்து, கொத்தின் மேலேயே ஆடித் திசை சொல்லும்.

பிரியவிட்டால் எனக்குத் தேன் குறைகிறது, உண்மைதான். ஆனால் புது ராணி முட்டையிடத் தொடங்கும்வரை தாய்ப்பெட்டியில் இளம்புழு இராது. புழுவைத் தாக்கும் நோய்க்கு அந்த இடைவெளி ஒரு தடை. 1990-களின் தொடக்கத்தில் புழுக்களைக் கொல்லும் ‘தாய்லாந்து சாக்புரூட்’ என்ற நச்சுயிரி (வைரஸ்) தென்னிந்தியாவில் இந்தத் தேனீக்களைப் பெருமளவு அழித்தது. பிழைத்த கூட்டங்கள் பெருகித்தான் பெட்டிகள் மறுபடி நிறைந்தன. பிரியாமல் கூட்டம் எப்படிப் பெருகும்?

இன்னொன்று, இதுதான் எனக்குப் பெரிய கவலை. பொந்து விழுந்த பழைய நாவலையும் அத்தியையும் வெட்டிவிட்டு, மிளகுக்கொடி ஏற நெட்டையாகச் சில்வர் ஓக் நடுகிறீர்கள். வேவுத் தேனீ எங்கே போகும்? ஏக்கருக்கு ஒரு கிழட்டு மரத்தையாவது விட்டுவையுங்கள்.

கொத்தைக் கண்டால் ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் சில மணி நேரத்திலோ மறுநாளோ கிளம்பிவிடும். கிளம்பாவிட்டால் பெட்டி வைத்திருக்கும் எங்களில் ஒருவருக்குச் சொல்லி அனுப்புங்கள், காலிப் பெட்டியோடு வருகிறோம். கூலி வேண்டாம். உங்கள் தோட்டத்துக் காபி ஒரு டம்ளர் போதும்.

இப்படிக்கு,
நாகலூர்ப் பெட்டிக்காரன்