டாக்டர் வீட்டிலிருந்து நன்றி மடல்

சுங்கை சிப்புட் நகரத்தாருக்கும் சுற்றுவட்டாரத் தோட்டத்து மக்களுக்கும் வணக்கம்.

உங்கள் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்த்த எங்கள் டாக்டர் அப்பாவின் கருமக்கிரியை நல்லபடியாக முடிந்தது. அத்தனை நாளும் எங்கள் அடுப்புக்கு வேலையே வைக்காமல் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தீர்கள். வீடு வீடாக வந்து கைகூப்ப வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. முழங்கால் இடம் கொடுக்கவில்லை. அதனால் மூத்த மகள் நான் எழுதுகிறேன். யார் பெயரையும் போடவில்லை. ஒரு பெயர் விட்டுப்போனால்கூட அம்மா என்னைச் சும்மா விடமாட்டார்.

முதல் நன்றி கார் ஓட்டியவர்களுக்கு. சிறுநீரகம் கைவிட்ட பிறகு அப்பாவுக்கு வாரம் 3 முறை ஈப்போவில் டயாலிசிஸ். இயந்திரத்தில் இணைத்தால் 4 மணி நேரம். போக, வர, காத்திருக்க என்று பகல் முழுக்கப் போய்விடும். தம்பி சிங்கப்பூரில், நான் கோலாலம்பூரில். டாக்சிக்கார அண்ணன் கொஞ்ச நாளிலேயே காசு வாங்க மறுத்துவிட்டார். பிறகு செம்பனை லோரி ஓட்டும் பையன், பள்ளி வேன் அக்கா, நாசி லெமாக் விற்கும் மலாய்ப் பெரியவர் பாக்சிக்கின் மகன் எல்லாரும் சேர்ந்து, யாருக்கு எந்த நாள் என்று வாட்சாப்பில் பிரித்துக்கொண்டார்கள். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா காரில் ஏறியதும், "உனக்கு இழுப்பு இப்ப எப்படிடா இருக்கு?" என்று லோரிக்காரப் பையனைத்தான் முதலில் விசாரிப்பாராம்.

அவனும் சின்ன வயதில் ஆஸ்துமா இழுப்புக்கு அப்பா செய்து கொடுத்த பாட்டிலைப் பிடித்து வளர்ந்தவன்தான். இன்ஹேலரை நேராக வாயில் அடித்தால் சின்னப் பிள்ளைகளுக்கு மருந்தில் பெரும்பகுதி நாக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும், நெஞ்சுக்குள் போகாது. நடுவில் ஒரு குழல் வேண்டும். கடையில் வாங்க தோட்டத்துச் சம்பளம் கட்டாது. அப்பா 500 மில்லி தண்ணீர் பாட்டிலை எடுத்து, அடியில் சுட்ட கம்பியால் இன்ஹேலர் வாய்க்குச் சரியாக ஓட்டை போட்டு, விளிம்பில் பிளாஸ்டர் சுற்றிக் கொடுப்பார். மூடி இருந்த பக்கத்தைப் பிள்ளை வாயில் வைத்துக்கொண்டு நிதானமாக மூச்சு இழுக்கும். இந்த வேலையெல்லாம் சனிக்கிழமை இரவில், எங்கள் ஹாலில். பிளாஸ்டிக் கருகும் நாற்றத்துக்கு அம்மா திட்டிக்கொண்டே ஜன்னலைத் திறப்பார். நானும் தம்பியும் பிளாஸ்டர் வெட்டிக் கொடுப்போம். பள்ளிக்கூடக் கதை, சண்டை, மார்க் எல்லாம் அப்பாவிடம் சொன்னது அந்த மேசையில்தான். காலி பாட்டில்களைக் கழுவி மூட்டை கட்டி அனுப்பிய சீனக் கோப்பிக்கடை அங்கிளுக்கு, பிள்ளைகளாகிய எங்கள் தனி நன்றி.

தோட்டத்தில் மருத்துவ உதவியாளராக இருந்த டிரஸ்ஸர் மாமாவையும், ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்த பாட்டிமாரையும் மறக்க முடியாது. பச்சைப்பிள்ளைக்கு மஞ்சள் காமாலை ஏறினால் காலை வெயிலில் காட்டினால் போதும் என்று பல வீடுகளில் இருந்துவிடுவார்கள். மஞ்சள் அளவு மீறினால் மூளையையும் காதையும் கெடுத்துவிடும் என்று அப்பா சொல்லிச் சொல்லிக் களைத்த காலத்தில், மாமா தோட்டத்து லயத்து வீடுகளுக்கு மோட்டாரில் போய்த் தாயையும் பிள்ளையையும் கையோடு ஏற்றி வந்துவிடுவார். ரத்த அணுக்கள் சுலபமாக உடைந்துபோகும் ஜி6பிடி என்ற பிறவிக் குறைபாடு உள்ள பிள்ளை என்றால் துணி அலமாரியில் இருக்கும் பாச்சை உருண்டையைப் பொறுக்கி வீசுகிற வேலையும் அவருடையது. அந்த வாடையே பிள்ளையின் ரத்தத்தை உடைத்துவிடும். டெங்கி காலத்தில், "காய்ச்சல் விட்டுருச்சுன்னு சும்மா இருந்துராதீங்க, இனிமேதான் பாக்கணும்" என்று லயம் லயமாகச் சொல்லி வந்ததும் இவர்கள்தான்.

எங்கள் சந்து முனை ஒட்டுக்கடை மாமாவுக்கு அம்மா தனியாக எழுதச் சொன்னார். ஞாயிறு மதியம் டாக்டர் தன் வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட வேண்டும் என்பது அந்த மாமா போட்ட சட்டம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைக் கடையிலேயே நிறுத்தி விசாரிப்பார். தண்ணீர் குடிக்கிறதா, ஒன்றுக்குப் போனதா, மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா? குழி விழுந்தால், குடிக்காமல் துவண்டு கிடந்தால், கடையை அப்படியே விட்டுவிட்டு அவரே முன்னால் ஓடிவந்து கேட்டைத் தட்டுவார். மற்றவர்களுக்கு ஒரு மைலோவைக் கலக்கிக் கொடுத்து, "டாக்டர் கை கழுவட்டும்" என்று உட்கார வைப்பார். மருத்துவம் எங்கே படித்தாரோ என்று யாரும் கேட்டதில்லை. அப்பாவிடம் கேட்டுக் கேட்டே பிடித்துக்கொண்டார். அம்மா வைத்த மீன் குழம்பை அப்பா எங்களோடு உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டது அந்த ஒரு வேளைதான்.

கூடாரம் போட்ட இளைஞர்கள், நாற்காலி இரவல் கொடுத்த சீனக் கோயிலார், வெயிலில் நின்று கார்களை ஒழுங்குபடுத்திய மலாய் அண்டைவீட்டார், தேவாரம் பாடிய பிள்ளைகள், தோள் கொடுத்தவர்கள், எல்லாருக்கும் நன்றி. 'குழந்தைகளின் தெய்வம்' என்று பெரிய பேனர் அடித்த தம்பிமார்களுக்கும் நன்றி. அப்பா பார்த்திருந்தால் முதலில் அதன் விலையைத்தான் கேட்டிருப்பார்.

இன்னொரு விஷயம். இரண்டு வாரமாகப் அப்பாவுக்குத் தர வேண்டிய பழைய பாக்கி என்று சொல்லி வெள்ளிக் காசு, பணம் கொண்டுவந்து கொடுக்கிறீர்கள். ஒரு பாட்டி, இப்போது முப்பது வயதாகும் மகனின் வயிற்றுப்போக்குக்காகக் கொடுக்க வேண்டியதை முந்தானையில் முடிந்து கொண்டுவந்தார். அப்பா எந்தப் பாக்கியையும் எழுதி வைக்கவில்லை. அதனால் எங்களால் வாங்க முடியாது. கொடுத்தே தீருவேன் என்கிறவர்கள், உங்கள் வட்டாரத் தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளின் காலைச் சாப்பாட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.

பிள்ளைகளின் சிகிச்சை அட்டைகள் கிளினிக்கில் பத்திரமாக இருக்கின்றன. வேறு டாக்டரிடம் காட்ட அவை வேண்டும். மாதக் கடைசி வரை சனிக்கிழமை காலையில் கிளினிக் தாதி மிஸ்ஸி அங்கே இருப்பார். பிறப்புப் பத்திரம் கொண்டுவந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அம்மா, தம்பி சார்பில்
மூத்த மகள்
சுங்கை சிப்புட், பேராக்