பங்குனியில் பேஸ்போலுக்கும் கல்லூரிக் கூடைப்பந்தாட்டத்துக்கும் ஓர் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கிளிநொச்சி மாவட்டத்தில் உயர்தரம் கற்கும் மாணவன். தங்கள் நாளிதழ் கைக்கு வந்ததும் விளையாட்டுப் பக்கத்தையே முதலில் திறப்பவன். இங்கிலாந்தின் உதைபந்தாட்டக் கழகங்களின் முடிவுகளும் ஐ.பி.எல். புள்ளிப்பட்டியலும் தவறாது இடம்பெறும் அந்தப் பக்கத்தில், மாசி தொடக்கம் சித்திரை வரையாவது, மட்டையால் பந்தை அடித்துத் தளங்களைச் சுற்றி ஓடும் ஆட்டமான வட அமெரிக்காவின் பேஸ்போலுக்கும் அங்குள்ள பல்கலைக்கழக அணிகளின் கூடைப்பந்தாட்டத்துக்கும் ஒரு சிறு இடம் ஒதுக்கித் தருமாறு கேட்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இந்த இரண்டும் பத்திரிகையில் படிப்பதற்கு மிகவும் பொருத்தமான விளையாட்டுகள் என்பது என் உறுதியான எண்ணம். ஒரு பேஸ்போல் ஆட்டம் முழுவதையும் உள்ளங்கை அகலமான ஒரு கட்டத்துக்குள் அச்சிட்டுவிடலாம். ஒவ்வொரு வீரரும் எத்தனை தடவை துடுப்பெடுத்தார், எத்தனை தடவை பந்தை அடித்துத் தளத்தை எட்டினார், எத்தனை ஓட்டம் பெற்றார், பந்து வீசியவர் எத்தனை பேரை ஆட்டமிழக்கச் செய்தார் என்பவை அனைத்தும் அதில் இருக்கும்; பழகிய கண்ணுக்கு அந்த எண்களிலிருந்தே ஆட்டம் எழுந்து வரும். இக்கட்டத்துக்கு வடிவம் கொடுத்தவராகப் போற்றப்படும் ஹென்றி சட்விக் ஒரு பத்திரிகையாளர். 1824 இல் இங்கிலாந்தின் எக்ஸெட்டர் நகரில் பிறந்து, சிறுவனாகவே நியூயோர்க்கின் புரூக்ளினுக்குக் குடிபெயர்ந்து, கிரிக்கெட் செய்திகளை எழுதிக்கொண்டிருந்த அவர், கிரிக்கெட்டின் புள்ளி அட்டையைப் பின்பற்றியே பேஸ்போலுக்கான கட்டத்தை உருவாக்கினார். கிரிக்கெட் அட்டையைப் படித்தே வளர்ந்த நமக்கு அதைப் படிக்கக் கற்பது சிரமமாக இராது.

நேர வித்தியாசமும் பத்திரிகையின் பக்கமே நிற்கிறது. பங்குனியில் அமெரிக்காவின் கிழக்குக் கரையைவிட நமது கடிகாரம் ஒன்பதரை மணித்தியாலம் முந்தியிருப்பதால், அங்கு இரவு 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கு மறுநாள் அதிகாலை 4.30 க்குத் தொடங்குகிறது. பாடசாலைக்குப் போக வேண்டிய ஒருவன் விடியுமுன் எழுந்து, கைத்தொலைபேசியில் டேட்டாவைச் செலவழித்து, விட்டு விட்டுக் கிடைக்கும் இணைப்பில் பார்ப்பதிலும், மறுநாள் பத்திரிகையில் ஆறுதலாகப் படிப்பது எவ்வளவோ மேல்.

கல்லூரிக் கூடைப்பந்தாட்டத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு பங்குனியிலும் அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகள் பங்குபற்றும் விலகல் முறைச் சுற்றுப்போட்டி நடைபெறுகிறது. 1939 இல் ஆடவர் பிரிவில் 8 அணிகளுடன் தொடங்கிய அது, 2011 முதல் 68 அணிகளாக விரிந்தது. ஒரு தோல்வியுடன் அணி வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஈடு செய்ய இரண்டாவது ஆட்டம் கிடையாது. அணிகளின் பெயர்கள் இடப்புறமும் வலப்புறமும் நிற்க, வெற்றியாளர்கள் கோடு கோடாக நடுவை நோக்கி நகர்ந்து வரும் அட்டவணையைப் பத்திரிகைகள் அச்சிடுகின்றன. வாசகர்கள் பென்சிலை எடுத்து, எந்த அணி எதனை வெல்லும் என்று முதல் ஆட்டத்துக்கு முன்னரே இறுதிவரை நிரப்பிவிடுகிறார்கள். முதற்கட்டத் தகுதி ஆட்டங்களை நீக்கினாலும் 63 ஆட்டங்கள் எஞ்சுவதால், அந்த அட்டவணையை 92 ஆயிரம் கோடி கோடிக்கும் அதிகமான விதங்களில் நிரப்ப முடியும். கணிதப் பாடத்தில் நிகழ்தகவு படிக்கும் மாணவர்களுக்கு இதைவிடச் சுவையான பயிற்சிக் கணக்கு எங்கே கிடைக்கும்? எங்கள் வகுப்பு நண்பர்களுடன் தாளில் கையால் கோடு கீறி இதனை நிரப்பிப் பார்த்திருக்கிறேன். கூடைப்பந்தாட்ட அரங்கையே நேரில் காணாதவர்களும் அந்தத் தாளுக்காக ஒவ்வொரு நாளும் முடிவுகளைக் கேட்டு வந்தார்கள்.

பெரிய பல்கலைக்கழகங்களுடன், பிராந்தியச் சுற்றில் வென்று வரும் சிறிய பல்கலைக்கழகங்களும் இதில் நேரடியாக இடம்பெறுகின்றன என்பதே எனக்கு மிகவும் பிடித்த விதி. போட்டி நான்கு பிரிவுகளாக அமைந்து, ஒவ்வொரு பிரிவிலும் அணிகள் 1 முதல் 16 வரை வரிசைப்படுத்தப்படுகின்றன. முதலாம் இடத்து அணி பதினாறாம் இடத்து அணியை முதற்சுற்றில் சந்திக்கும். 2018 வரை ஆடவர் பிரிவில் அவ்வாறான 135 ஆட்டங்கள் நடந்து, 135 இலும் முதலாம் இடத்து அணியே வென்றிருந்தது. அந்த ஆண்டு பங்குனியில் மேரிலன்ட் பல்கலைக்கழகத்தின் போல்டிமோர் கவுன்ரி வளாக அணி, நாட்டின் முதல்நிலை அணியாக வந்த வேர்ஜினியாவை எதிர்கொண்டது. இடைவேளையின்போது இரு அணிகளும் 21 புள்ளிகளுடன் சமநிலையில் நின்றன. முடிவில் சிறிய அணி 74-54 என்று வென்றது; 20 புள்ளி வித்தியாசத்தைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. வேர்ஜினியாவும் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை, மறு ஆண்டே கிண்ணத்தை வென்றது. 2023 இல் பதினாறாம் இடத்து ஃபெயார்லி டிக்கின்சன் பல்கலைக்கழகம் முதலாம் இடத்துப் பேர்டியூவை 63-58 என்று வீழ்த்தியது. பேர்டியூவின் நடுவில் நின்றவர் 7 அடி 4 அங்குல உயரமுள்ள சாக் ஈடி. எதிரில் நின்றதோ அமெரிக்காவின் முதற்தரப் பல்கலைக்கழக அணிகளுள் சராசரி உயரம் மிகக் குறைந்த அணி. ரொறன்ரோவில் பிறந்த ஈடி சிறுவயதில் பேஸ்போல் ஆடியவர் என்பதை அறிந்தபோது, எனக்குப் பிடித்த இரண்டு விளையாட்டுகளும் ஒருவரிடம் சந்தித்ததில் பெரும் மகிழ்ச்சி கொண்டேன்.

பெண்கள் பிரிவை ஓர் ஓரத்தில் போட்டுவிட வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 2024 இல் தென் கரோலினா மகளிர் அணி 38 ஆட்டங்களில் ஒன்றிலேனும் தோற்காமல், இறுதிப் போட்டியில் புகழ்பெற்ற வீராங்கனை கெய்ட்லின் கிளார்க் ஆடிய ஐயோவா அணியை 87-75 என்று வென்றது. அமெரிக்காவில் 1 கோடியே 80 இலட்சத்துக்கும் அதிகமானோர் பார்த்த அந்த ஆட்டம், பார்வையாளர் தொகையில் ஆடவர் இறுதிப் போட்டியை முதன்முறையாக விஞ்சியது. நமது பாடசாலைகளில் பெண் பிள்ளைகள் ஆடும் வலைப்பந்தாட்டம், ஆரம்பகாலக் கூடைப்பந்தாட்டத்திலிருந்து கிளைத்த விளையாட்டு. தர்ஜினி சிவலிங்கத்தின் ஆட்டத்தைக் கொண்டாடிய நமது ஊர்களில் இச்செய்திகளுக்கு வாசகிகள் இருப்பார்கள்.

பேஸ்போலின் வசந்த காலம் இதற்கும் முன்னர், மாசி நடுப்பகுதியில் தொடங்கிவிடுகிறது. வடக்கு நகரங்கள் பனியில் கிடக்கும்போது, பெரிய லீக் எனப்படும் உயர்மட்டப் போட்டியின் 30 அணிகளும் வெப்பமான இடங்களைத் தேடி, சரிபாதியாக, 15 அணிகள் புளோரிடாவிலும் 15 அணிகள் அரிசோனாவிலும் முகாமிடுகின்றன. முதலில் பந்து வீசுபவர்களும் பந்து பிடிப்பவர்களும் வருவார்கள். மற்றவர்கள் சில நாள் பிந்தி வருவார்கள். அங்கு நடக்கும் ஆட்டங்கள் புள்ளிப்பட்டியலில் சேர்வதில்லை. ஆயினும் இன்னும் பெயரெடுக்காத இருபது வயது இளைஞன் ஒருவன், புகழ்பெற்ற வீரருக்கு அருகில் நின்று ஆடி, 162 ஆட்டங்கள் கொண்ட நீண்ட பருவத்தில் தனக்கும் ஓர் இடம் கிடைக்குமா என்று முயல்வது அந்த வாரங்களில்தான். நமது காலபோக அறுவடை முடிந்து, வெறுமையான வயல்களில் பொடியன்கள் மட்டையும் பந்துமாக இறங்குவதும் ஏறத்தாழ அதே நாட்களில்தான். ஆகவே அந்தச் செய்திகளை இங்கிருந்து படிப்பதில் எனக்குத் தூரம் தெரிவதில்லை.

இந்த வசந்த முகாம்களுக்குள் மறக்கக்கூடாத ஒரு வரலாறும் இருக்கிறது. ஜாக்கி ரொபின்சன் என்ற கறுப்பின வீரர் 1946 இல் மொன்றியல் அணிக்காகப் புளோரிடாவுக்குப் பயிற்சிக்கு வந்தபோது, சான்போர்ட் நகரில் அவர் தங்க முடியாதபடி வெளியேற்றப்பட்டார். ஜக்சன்வில்லில் அவர் ஆடக்கூடாது என்று மைதானத்துக்கே பூட்டுப் போட்டார்கள். டேய்ட்டோனா பீச் நகரம் மாத்திரம் இடம் கொடுக்க, 1946 மார்ச் 17 அன்று அவர் அங்கு களமிறங்கினார். இன்று அந்த மைதானம் அவருடைய பெயரையே தாங்கி நிற்கிறது. மறு ஆண்டு ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டொட்ஜர்ஸ் அணிக்காக ஆடி, நவீன காலத்தின் பெரிய லீக் போட்டிகளில் அதுவரை நீடித்த நிறத்தடையை அவர் உடைத்தார். அவருடைய 42 ஆம் இலக்கம் 1997 இல் எல்லா அணிகளிலும் ஓய்வு பெற்றது. ஒவ்வோர் ஏப்ரல் 15 அன்றும் எல்லா வீரர்களும் அந்த ஒரே இலக்கத்தை அணிந்து ஆடுகிறார்கள். நமது சித்திரைப் புத்தாண்டுக்கு மறுநாளை ஒட்டி வரும் அந்த நாளில் தங்கள் பக்கத்தில் அவரைப் பற்றி நான்கு வரி வந்தால் மிகவும் மகிழ்வேன். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் படித்த காலத்தில் அவர் கூடைப்பந்தாட்ட அணியிலும் சிறந்து விளங்கினார் என்பதையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம்.

நமது ஊரில் யார் இதைப் படிப்பார்கள் என்று தாங்கள் கேட்கக்கூடும். வன்னியில் ரொறன்ரோவில் உறவினர் இல்லாத தெருவைக் காண்பது அரிது. என் பெரியம்மாவின் மகன் ஸ்காபரோவில் இருந்து ரொறன்ரோவின் பேஸ்போல் அணியான புளூ ஜேய்ஸைப் பற்றி அனுப்பும் குரல் பதிவுகளை வீட்டில் எல்லோரும் கேட்கிறோம். 2025 நவம்பரில் அந்த அணி, பெரிய லீக்கின் இறுதித் தொடரான உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், பதினோராவது இனிங்ஸ் (ஆட்டச் சுற்று) வரை போராடி, டொட்ஜர்ஸிடம் 5-4 என்று தோற்றபோது இங்கு ஞாயிறு காலையாக இருந்தது. சமையல் வேலையை நிறுத்திவிட்டு அம்மாவும் முடிவைக் கேட்டார். 1977 இல் ஆடத் தொடங்கியது முதல் புளூ ஜேய்ஸ் புளோரிடாவின் டனீடின் என்ற சிறு நகரிலேயே வசந்தப் பயிற்சி பெறுகிறது. அங்கிருந்து வரும் ஒரு வரிச் செய்தி, கடல் கடந்து பிரிந்திருக்கும் அண்ணன் தம்பிகளுக்குப் பேச ஒரு விடயம் தரும்.

விதிகள் விளங்காது என்ற கவலையும் பெரிதல்ல. எல்லே ஆடியவர்களுக்கு, தடியால் பந்தை அடித்துவிட்டு நிறுத்தங்களைச் சுற்றி ஓடி வருவது புதியதல்ல. எல்லேயில் பந்தைப் போட்டுக் கொடுப்பவர் அடிப்பவரின் பக்கத்தவராகவே இருப்பார். பேஸ்போலில் எதிரணியின் வீச்சாளர் 60 அடி 6 அங்குல தூரத்திலிருந்து அடிக்க விடாமல் வீசுவார். எல்லேயில் ஓடுபவர்மீது பந்தை எறிந்து ஆட்டமிழக்கச் செய்யலாம். பேஸ்போலில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அவரையோ அவர் ஓடிச் சேர வேண்டிய தளத்தையோ தொட வேண்டும். இவ்வாறு வாரம் ஒரு விதியாக ஆறேழு வரியில் விளக்கினால், சித்திரை முடிவதற்குள் ஆட்டக் கட்டத்தைத் தானே படித்துக்கொள்ளும் வாசகர்கள் கணிசமாக உருவாகிவிடுவார்கள். நமது பாடசாலை எல்லே அணிகளின் முடிவுகளும் அதே பக்கத்தில் அருகருகே வந்தால் பிள்ளைகள் இன்னும் ஊக்கம் பெறுவார்கள்.

நடைமுறைக்கு ஒரு யோசனை சொல்லி முடிக்கிறேன். கல்லூரிச் சுற்றுப்போட்டியின் அணிகள் பங்குனி நடுப்பகுதியில் ஒரு ஞாயிறு மாலை அமெரிக்காவில் அறிவிக்கப்படுகின்றன. அப்போது இங்கு திங்கள் விடியற்காலை. முதற்சுற்று வியாழன் நண்பகலுக்குப் பின் தொடங்கும்போது இங்கு வியாழன் இரவு பத்து மணியை நெருங்கியிருக்கும். எனவே ஆடவர், மகளிர் அட்டவணைகள் இரண்டையும் தமிழ்ப் பெயர்களுடன் புதன்கிழமைப் பத்திரிகையில் வெளியிட்டால், வாசகர்களுக்கு அதை நிரப்ப ஒன்றரை நாள் முழுதாகக் கிடைக்கும். இடம் போதாதென்றால் மகளிர் அட்டவணையை வியாழனன்று வெளியிடலாம். பென்சிலால் எழுதக்கூடியவாறு கோடுகளுக்கிடையே சற்று இடைவெளி விட்டு அச்சிடுமாறு மாத்திரம் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
உயர்தர மாணவன்,
பரந்தன், கிளிநொச்சி.