எடையை மட்டும் பார்த்தால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கிருமிகளைக் கொல்லும் என்பதற்காகக் காலுறை, காயக்கட்டு, தண்ணீர் வடிகட்டி எனப் பல பொருள்களில் வெள்ளி நானோ துகள்கள் (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கான நானோமீட்டரில் அளக்கப்படும் மிக நுண்ணிய துகள்கள்) சேர்க்கப்படுகின்றன. வெள்ளி உடம்பை என்ன செய்துவிடும் என்று கேட்பவர்கள் எடையை மட்டுமே கணக்கில் கொள்கிறார்கள். ஒரு கிராம் வெள்ளியைக் கனசதுரமாக வார்த்தால் அதன் மேற்பரப்பு ஏறத்தாழ ஒன்றேகால் சதுர சென்டிமீட்டர்தான். அதையே 10 நானோமீட்டர் விட்டமுள்ள உருண்டைகளாக்கினால் மேற்பரப்பு சுமார் 57 சதுர மீட்டராகிவிடும். செல்லைத் தாக்கும் வெள்ளி அயனிகள், அதாவது மின்னூட்டம் பெற்ற வெள்ளி அணுக்கள், மேற்பரப்பிலிருந்துதான் கரைந்து வெளியேறுகின்றன.

செல்லுக்குள் விழுங்கப்படும் துகள் செல்லின் செரிமானப் பையான லைசோசோமின் அமிலச் சூழலில் கரைந்து, வெளியில் இருந்ததைவிட வேகமாக அயனிகளை விடுகிறது. அந்த அயனிகள் கந்தகம் கொண்ட புரதங்களையும், செல்லைக் காக்கும் குளுட்டாதயோன் என்ற பொருளையும் பற்றிக்கொள்வதால், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா பழுதடைந்து ஆக்சிஜனேற்றச் சேதம் பெருகுகிறது. இரத்தத்தில் வரும் அந்நியத் துகள்களைப் பிடித்து வைப்பது கல்லீரலின் வேலை என்பதால், முதல் அடி பெரும்பாலும் அதற்கே விழுகிறது. 56 நானோமீட்டர் துகள்களை எலிகளுக்கு 90 நாள் வாய்வழியாகக் கொடுத்து 2010இல் வெளியிடப்பட்ட ஆய்வில், உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் வரை தீங்கு தென்படவில்லை. 125 மில்லிகிராமில் கல்லீரல் பாதிப்பு தெரிந்தது. பெண் எலிகளின் சிறுநீரகங்களில் ஆண் எலிகளைவிட அதிக வெள்ளி சேர்ந்திருந்தது. சுவாசத்தில் சென்றாலோ நுரையீரலில் அழற்சி உண்டாகிறது. எனக்கு அதிகக் கவலை தருவது வேறொன்று: வேறு ஆய்வுகளில், வெள்ளி கொடுப்பதை நிறுத்திய பிறகு மற்ற உறுப்புகளிலிருந்து பெருமளவு நீங்கிய வெள்ளி, எலிகளின் மூளையிலும் விந்தகத்திலும் வாரக்கணக்கில் தங்கியிருந்தது.

இந்த அளவுகள் அன்றாடப் பயன்பாட்டைவிட மிக அதிகம் என்பதையும், மனிதர்கள் 14 நாள் குறைந்த அளவில் அருந்திய சோதனையில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை என்பதையும் மறைப்பது நேர்மையாகாது. ஆனால் ஆண்டுக்கணக்கில் அருந்துவதற்கு அந்த 14 நாள் சான்றாகாது. கூழ்ம வெள்ளியை (நுண்ணிய வெள்ளித் துகள்கள் மிதக்கும் நீர்மத்தை) நெடுநாள் குடித்தவர்களின் தோல் சாம்பல் கலந்த நீலமாக மாறி, பிறகு பழைய நிறத்துக்குத் திரும்பாமலே போனதுண்டு. மருத்துவர் பரிந்துரையின்றி விற்கப்படும் கூழ்ம வெள்ளி மருந்துகள் பாதுகாப்பானவை என்றோ பயனுள்ளவை என்றோ ஏற்க இயலாது என அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1999லேயே அறிவித்துவிட்டது. (தீப்புண்ணுக்கு மருத்துவர் இடும் வெள்ளிக் களிம்பை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

‘வெள்ளி கலந்தது’ என்று பெருமையாக அச்சிடும் உற்பத்தியாளர்கள், துகளின் அளவு என்ன, எவ்வளவு சேர்க்கப்பட்டுள்ளது, கழுவும்போதும் பயன்படுத்தும்போதும் எவ்வளவு வெளியேறுகிறது என்ற மூன்றையும் அதே உறையில் அச்சிட வேண்டும் என்று கட்டுப்பாட்டு அமைப்புகள் விதிக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்